மரித்தோரை நினைக்கும் மாதம்

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற நம் ஊர்களில் கல்லறைத் தோட்டத்துப் புல்லைச் செதுக்கி வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்று குருவானவர் கல்லறைகளை மந்திரிப்பார். நாம் மாலை சாத்தி மெழுகுதிரி ஏற்றுவோம். ஐப்பசி மழை வந்தால் திரி அணையும், மறுபடியும் ஏற்றுவோம். தீப்பெட்டி தீர்ந்து பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்பு வாங்குவதும் உண்டு.

பிரான்சு தேசத்தில் க்ளூனி மடத்தின் தலைவராயிருந்த புனித ஓதிலோ, கி.பி. 998-ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் இந்நாளை ஏற்படுத்தினார். பின்பு அது திருச்சபை முழுவதும் பரவிற்று. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு நம் செபம் உதவும் என்பது நம் விசுவாசம்.

இதே திருநாளை மெக்சிகோ தேசத்தார் கொண்டாடும் விதமே வேறு. நவம்பர் 1-ஆம் நாள் மரித்த குழந்தைகளுக்கும், 2-ஆம் நாள் பெரியவர்களுக்கும் உரியது. வீட்டில் ஒரு பீடம் அமைத்து, இறந்தவரின் படம், மெழுகுதிரி, தண்ணீர், உப்பு, அவர் விரும்பி உண்ட பதார்த்தங்கள் எல்லாம் வைப்பார்கள். வழி தவறாமல் வந்து சேரட்டும் என்று மஞ்சள் பூவிதழ்களைப் பாதை போலத் தூவுவார்கள். அந்தப் பூ வேறெதுவுமில்லை, சீலையம்பட்டிப் பூச்சந்தையில் கூடை கூடையாய் வரும் நம் செண்டுப்பூதான்! அதன் தாய்நாடே மெக்சிகோ. சர்க்கரையில் மண்டை ஓடு செய்து நெற்றியில் பெயர் எழுதுவார்கள் என்று படித்தபோது எங்களில் பலர் முகம் சுளித்தோம். ஆனால் அங்கே அது குழந்தைகள் கேட்டு வாங்கும் தின்பண்டம். ஸ்பெயின் நாட்டார் வருமுன்பே அங்கிருந்த பழங்குடிகளின் வழக்கமும் நம் வேத வழக்கமும் கலந்து உண்டான விழா இது. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் பள்ளத்தாக்கில் பிற சமயத்தாரும் இறந்தோரை மறப்பதில்லை. ஆடி அமாவாசையன்று சுருளித் தீர்த்தத்தில் நீராடித் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூட்டமாய் வருகிறார்கள். தாத்தாவின் நினைவு நாளில் இலை போட்டு, அவர் விரும்பிய பலகாரத்தோடு வெற்றிலையும் சுருட்டும் வைக்கும் வீடுகளை நாம் அறிவோம். மெக்சிகோக்காரர் வந்து பார்த்தால் அந்நியமாய் நினைக்கமாட்டார்.

இவை எல்லாம் உறவு உள்ளவர்களுக்கு. உறவில்லாதவர்களுக்கு யார் திரி ஏற்றுவார்? மெக்சிகோவில் யாருமற்ற ஆத்துமாவுக்கென்று தனியே ஒரு திரி வைக்கும் குடும்பங்கள் உண்டு. இதைப் படித்தபோது எங்களுக்குப் பெரியாறு அணை நினைவுக்கு வந்தது.

1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அணையைக் கட்டியவர் கர்னல் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. ஆகவே அவர் பிறந்த நாளான சனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. அவர் 1911-இல் இறந்து, கடல் கடந்து இங்கிலாந்தில் அடக்கமானவர். ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர் போல நினைக்கப்படுகிறார். அது நியாயமே.

ஆனால் அந்த வேலையின்போது நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது. மலைக்காடு, விடாத மழை, மலேரியா, காலரா. அவர்களை அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இன்று கேரளத்தில், புலிகள் காப்பகத்தின் உள்ளே இருக்கிறது. அனுமதியின்றி யாரும் போக முடியாது. வெள்ளையடிக்கவோ செண்டுப்பூ வைக்கவோ வழியில்லை. அவர்களில் கிறிஸ்தவர் எத்தனை, இந்து எத்தனை, முஸ்லிம் எத்தனை என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் உண்ணும் சோற்றில் எல்லாருக்கும் பங்குண்டு.

நவம்பர் மாதப் பூசைகளில் நினைவுகூர நம் குடும்பத்தார் பெயர்களை எழுதிக் கோவிலில் கொடுப்பது வழக்கமல்லவா? இவ்வாண்டு எங்கள் வகுப்பும் ஒரு தாள் கொடுத்தது. பெயர் தெரியாததால், "பெரியாறு அணை வேலையில் இறந்தவர்கள், 483 பேர்" என்று மட்டும் எழுதினோம். வீட்டுப் பெயர்களுக்கு நடுவில் குருவானவர் அதையும் வாசித்தார்.