முறிந்த திருகாணி

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் மூடியைக் கழற்றும்போது, சில வேளைகளில் திருகாணியின் தலை முறிந்து கையோடு வந்துவிடும். உடற்பகுதி மரைக்குள்ளேயே தங்கிவிடும். எஞ்சினின் உறை அலுமினியத்தாலும் திருகாணி எஃகாலும் ஆனவை. ஈரம் புகுந்தால் அரிப்பு உண்டாகி, இவ்விரண்டும் இறுகிப்போகின்றன. அந்நிலையில் வலிமையைக் காட்டினால் மரையும் அழியும். சில ரூபாய்த் திருகாணிக்காக விலையுயர்ந்த உறையை இழக்கலாமா?

தேர்ந்த மெக்கானிக் விரைவதில்லை. முதலில், ஊடுருவும் எண்ணெயை இட்டு ஊறவிடுவார். பின்னர், அருகில் பெட்ரோல் இல்லாதவாறு செய்து, உறையைச் சூடாக்குவார். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளரும். முறிந்த பகுதி வெளியே நீண்டிருந்தால், குறட்டால் பற்றி இடப்புறமாகத் திருகி எடுப்பார். உள்ளே அமிழ்ந்திருந்தால், அதன் நடுவில் குறியிட்டு, 6 மி.மீ. திருகாணிக்கு ஏறத்தாழ 3 மி.மீ. அளவில் துளையிடுவார். அத்துளையில் எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தி, இடப்புறமாக மெல்லத் திருகுவார். அக்கருவி மிகக் கடினமான எஃகு. அது உள்ளே முறிந்தால், சாதாரணத் துளையூசியால் அதனைத் துளைக்க இயலாது. ஆகவே, அசையாவிடில் வலிந்து திருகாமல், மீண்டும் எண்ணெயும் வெப்பமும் அளிப்பார். விரைவு முறித்ததைப் பொறுமையே மீட்கிறது.

சொற்பொருள்
மரை – திருகாணியின் சுற்றுவரி
குறடு – பற்றி இழுக்கும் கருவி
அமிழ்தல் – உள்ளே ஆழ்தல்

பயிற்சி
1. உறையைச் சூடாக்குவது ஏன்?
2. பிரித்து எழுதுக: இவ்விரண்டும், அந்நிலை.
3. நீங்கள் வாழும் ஊரின் மெக்கானிக்குகள் திருகாணியையும் மரையையும் எவ்வாறு அழைக்கின்றனர்? கேட்டு எழுதுக.