பறையை ஏன் காய்ச்சுகிறார்கள்?

பெர்ணம் ஆற்றோரம் உள்ள நம் ஹுத்தான் மெலிந்தாங்கில் காற்றில் ஈரம் அதிகம். மழை பெய்த மாலையில் பறையாட்டம் பழகப் போனால், அடவு தொடங்கும் முன் பறையைத் தீயில் காய்ச்சுவார்கள். ஏன்?

தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. இழுவிசை குறைய அதிர்வெண்ணும் குறைகிறது, ஒலி மந்தமாகிறது. வெப்பம் பட்டதும் ஈரம் ஆவியாகி, தோல் சுருங்கி விறைக்கிறது. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். அளவு மீறிக் காய்ச்சினால் தோல் கிழிந்துவிடும்!

ஆடுபவருக்கு இதனால் என்ன பயன்? அடி மாறினால்தான் அடவு மாறும். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி நாடுகளிலும் ஜெம்பே முரசின் ஒலியே ஆடுவோருக்குச் சைகை. அதன் ஆட்டுத்தோலைக் கயிற்றால் இறுக்குவார்கள். தோல் தொய்ந்தால் சைகை தெளிவாகக் கேட்காது, கால்கள் தடுமாறும்.

செய்து பாருங்கள்: காலி மைலோ டின்னின் வாயில் காகிதத்தை இறுக்கமாக ஒட்டித் தட்டுங்கள். பிறகு ஈரத்துணியால் லேசாகத் துடைத்துத் தட்டுங்கள். நன்கு காய்ந்தபின் மீண்டும் தட்டுங்கள். மூன்று ஒலிகளும் ஒன்றா? காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.