வெளிநாட்டில் முதல் ஆண்டு: எங்கே தங்குவது?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவருக்கு, நாடும் பல்கலைக்கழகமும் முடிவான பிறகு அடுத்த பெரிய முடிவு முதல் ஆண்டில் எங்கே தங்குவது என்பதுதான். சாப்பாடு, தூக்கம், மொழிப் பழக்கம், பகுதிநேர வேலை, கையிருப்புப் பணம் எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கல்லூரிப் பேருந்தில் போய்வந்தே பட்டம் முடித்தவர்கள் உண்டு. வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ கிளம்பும் அப்படிப்பட்ட மாணவருக்கு, வீட்டை விட்டு வெளியே தங்கும் முதல் அனுபவமே வெளிநாட்டில்தான் அமைகிறது. அதனால் இந்த முடிவை விமானம் ஏறும் வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது.

பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: பல்கலைக்கழக விடுதி, தமிழ் மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீடு, பிற நாட்டவரோடு பகிர்ந்துகொள்ளும் வீடு, அங்கேயே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை.

ஐரோப்பாவில் விடுதி என்றால் மெஸ்ஸும் வார்டனும் இருக்கும் இடம் என்று நினைத்துப் போகக் கூடாது. பெரும்பாலும் தனி அறை கிடைக்கும், சமையலறை பொது, சமைப்பது அவரவர் பாடு. ஜெர்மனியில் ஷ்டுடீரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்புகள் விடுதிகளையும் மென்சா என்னும் மலிவு விலை உணவகங்களையும் நடத்துகின்றன. வாடகையில் வெப்பமூட்டும் செலவும் இணையமும் பெரும்பாலும் அடங்கிவிடும். மியூனிக் போன்ற பெரிய நகரங்களில் இந்த அறைகளுக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். வாடகையைத் தாண்டியும் ஒரு பலன் உண்டு. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட சான்று தேவை. அது இல்லையென்றால் வரி எண், வதிவிட அனுமதி என்று வரிசையாக எல்லாம் தாமதமாகும். விடுதியில் இந்தச் சான்று கேட்டவுடன் கிடைக்கும். தெரிந்தவரின் அறையில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பிரிட்டனில் விடுதி ஒப்பந்தம் கல்வியாண்டு முழுமைக்கும் போடப்படுவதால், பிடிக்கவில்லை என்று நடுவில் விலகுவது கடினம்.

தமிழ் மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. சோறும் ரசமும் கிடைக்கும். காய்ச்சல் வந்தால் கவனிக்க ஆள் இருக்கும். எந்தக் கடையில் அரிசி மலிவு, எந்தப் பேருந்து அட்டை வாங்குவது என்று சீனியர் சொல்லிக்கொடுப்பார். செலவும் குறைவு. ஆனால் வீட்டுக்குள் நாள் முழுக்கத் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் அந்த நாட்டு மொழி நாவில் ஏறாது. அடுத்த ஆண்டு பயிற்சிப்பணி நேர்காணலில் அதன் விலை தெரியும். இரண்டாவது சிக்கல் சட்டம் சார்ந்தது. மூன்று பேர் பெயரில் ஒப்பந்தம் போட்டு ஏழு பேர் தங்கும் வீட்டில், பெயர் இல்லாத நால்வருக்கும் பெரும்பாலும் எந்த உரிமையும் இராது. இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேரோ அதற்கு மேலோ சமையலறையைப் பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும். ஒப்பந்தத்தில் தன் பெயர் இருந்தால் மட்டுமே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிற நாட்டவரோடு பகிரும் வீடு மொழிக்கு மிகச் சிறந்த பள்ளி. அறை கேட்டுப் போனால் வீட்டிலிருப்பவர்கள் நேர்காணல் மாதிரிப் பேசிப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள். குப்பையை வகை பிரித்துப் போடுவது, இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது, கழிவறை கழுவும் முறைப்பட்டியல் எல்லாம் எழுதாத சட்டம்போலக் கடைப்பிடிக்கப்படும். தாளிக்கும் நெடி முதல் சண்டைக்குக் காரணமாகலாம். ஊரிலிருந்து போன முதல் வாரத்திலேயே இதற்குள் நுழைவதைவிட, நாடு கொஞ்சம் பழகிய பிறகு நுழைவது எளிது.

கனடாவின் ஸ்கார்பரோ, லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களில் ஈழத்தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு அறைகளும் நிலத்தடித் தளங்களும் மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. பாதுகாப்பும் பேச்சுத்துணையும் இருக்கும். கல்லூரிக்குத் தொலைவு கூடலாம். நிலத்தடி அறை என்றால், தீ விபத்து நேர்ந்தால் வெளியேறத் தனி வழி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

முன்பண விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஜெர்மனியில் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். வெப்பமூட்டுதல் போன்ற துணைச்செலவு அந்தக் கணக்கில் வராது. இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகைதான் உச்சம்; அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகவே கழிய வேண்டும்.

பகுதிநேரச் சம்பளத்தை நம்பி வாடகையை முடிவு செய்வதே பெருந்தவறு. பாடம் நடக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே வரம்பு. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். வேலை கிடைக்கவே சில மாதங்கள் ஆகலாம். ஜெர்மன் விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, தொலைபேசி, துணிமணி போக வாடகைக்கு 400 யூரோ ஒதுக்குவதே நியாயம். மியூனிக்கில் இந்த வாடகைக்கு அறை கிடைப்பது அரிது. கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டபுர்க் போன்ற ஊர்களில் கிடைக்கும். மக்காச்சோளமோ முந்திரியோ விற்ற பணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்குப் புகழ்பெற்ற நகரத்தைவிடச் சிறிய பல்கலைக்கழக நகரமே ஏற்றது.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் நிலை வேறு. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கே இடமோ கட்டணமோ கைகூடாதவர்கள் ஜார்ஜியா, கிர்கிஸ்தான், ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று போகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி நீட் தகுதியுடன், குறைந்தது 54 மாத ஆங்கிலவழிப் படிப்பும் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். நடுவில் கல்லூரி மாறினால் பட்டமே இந்தியாவில் செல்லாமல் போகும். ஆகவே விடுதி எப்படி, இந்தியச் சாப்பாடு உண்டா என்பதைச் சேருமுன்பே அங்கே படிக்கும் மாணவர்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். முகவர் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. இவர்களுக்கு இந்திய மெஸ் உள்ள விடுதியே நல்லது, படிப்பு நேரம் மிச்சமாகும். ஆனால் நோயாளி பெரும்பாலும் ஆங்கிலம் பேசமாட்டார். முதல் ஆண்டிலிருந்தே உள்ளூர் மொழியைக் கற்காதவர், மருத்துவமனைப் பயிற்சியில் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பழகுவதற்கு மிக எளிய நாடுகள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. தமிழும் இட்லியும் கிடைக்கும். ஆனால் மலேசியாவில் விடுமுறைக் காலத்தில் மட்டுமே, சில துறைகளில் வேலை செய்யலாம். சிங்கப்பூரில் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் மாணவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் மட்டும். முழு வாடகையும் வீட்டிலிருந்து வரும் என்ற கணக்கோடுதான் போக வேண்டும்.

சாமான் கட்டும்போது சிறு குக்கரும் பருப்புப்பொடியும் போதும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நெய், பால்கோவா, இறைச்சி கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவானாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பெயரைப் பதிந்துவைத்தால் நெருக்கடியில் தூதரகம் மாணவரைத் தேடிப் பிடிக்க உதவும்.

ஐரோப்பா, கனடா போகிறவர்களுக்கு முதல் ஆறு மாதமோ ஒரு கல்வியாண்டோ பல்கலைக்கழக விடுதி, பிறகு பல நாட்டவரும் இருக்கும் பகிர்வு வீடு என்பதே சரியான வரிசை. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.