விளக்கை அணைத்த வீடு

தஞ்சைச் சீமையில் வீட்டுக்கு வீடு குதிர் இருந்த காலத்தில், தை அறுவடை முடிந்தபின் வரும் விருந்தாளிக்குச் சோறு போடுவதில் சிரமம் ஏதுமில்லை. குதிரின் அடி தெரியும் மார்கழியில் ஒருவர் வாசலில் வந்து நின்றால்தான் சோதனை. வீட்டுக்காரரைவிட அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு! ஈஸார் என்று மார்க்கம் சொல்வது இந்த மார்கழி விருந்தைத்தான். மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் நன்மை உண்டு. ஆனால் தனக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்துவதுதான் ஈஸார்.

புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் இது. பசியால் வாடிய ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். நாயகம் அவர்கள் தம் மனைவியரிடம் ஆளனுப்ப, எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில்: தண்ணீரைத் தவிர வேறில்லை. அன்ஸாரித் தோழர் ஒருவர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அவர் அபூதல்ஹா (ரலி) என்று முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் வருகிறது. அங்கேயும் பிள்ளைகளின் உணவு மட்டுமே இருந்தது. பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். திரியைச் சரிசெய்வதுபோல் எழுந்த அம்மையார் விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் கணவனும் மனைவியும் உண்பதுபோல் பாவனை செய்ய, விருந்தாளி சாப்பிட்டார். அவ்விருவரும் பட்டினியாக இரவைக் கழித்தார்கள். அல்லாஹ் அச்செயலை உவந்ததாக நாயகம் அவர்கள் காலையில் அறிவித்தார்கள். ஹஷ்ர் சூராவின் 9-வது வசனம் இதையொட்டியே இறங்கிற்று.

விளக்கை ஏன் அணைக்க வேண்டும்? வீட்டார் பட்டினி கிடப்பதைக் கண்டால் விருந்தாளிக்கு உணவு தொண்டையில் இறங்குமா? பசித்தவருக்கும் மானம் உண்டல்லவா! ஒரே சஹனில் நால்வர் அமர்ந்திருக்க, பேச்சோடு பேச்சாகக் கறித்துண்டை விருந்தாளி பக்கம் ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றைப் பிசையும் பெரியவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அந்த விளக்கின் அர்த்தம் தெரியும். நோன்பு மாதத்தில் அரிசிப் பையைக் கொடுத்துக் கைப்பேசியில் படம் பிடிக்கிற நாமோ, வாங்குபவர் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்புகிறோம்.

பிள்ளையின் சோற்றை எடுத்து விருந்தாளிக்குக் கொடுப்பது கூடுமா என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதற்கு விடை சொல்கிறார்கள். அப்பிள்ளைகள் வாட்டும் பசியில் இருக்கவில்லை. பிள்ளைகளின் வழக்கப்படி கேட்டிருப்பார்கள். பசியால் அவர்களுக்குத் தீங்கு நேருமானால், விருந்தைவிட அவர்களுக்கு உணவளிப்பதே முந்திய கடமை. நம் பங்கைத்தான் நாம் விட்டுக்கொடுக்கலாம். அன்ஸாரித் தோழர் மனைவியோடு கலந்தே செய்தார் என்பதையும் கவனியுங்கள். கேளாமல் நாலுபேரை அழைத்து வந்து, வீட்டுப் பெண்ணை அடிச்சோற்றோடு படுக்க வைக்கும் ஆண்பிள்ளை, தம்முடைய ஈஸாரைச் செய்யவில்லை, அவளுடையதைச் செலவழிக்கிறார்.

விருந்தாளிக்கும் சட்டம் உண்டு. விருந்தோம்பல் 3 நாள், அதற்குமேல் தர்மம். வீட்டாரைப் பாவத்தில் தள்ளும்வரை தங்குவது ஆகாது என்றார்கள் நாயகம் அவர்கள். அது எப்படி என்று தோழர்கள் வினவினார்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவரிடம் தொடர்ந்து தங்கியிருப்பதுதான் என்று விளக்கினார்கள்.