பழைய சர்வரில் வீட்டுக் கோப்புப் பகிர்வு: தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

• வீட்டுக் கணினிகளும் செல்போன்களும் ஒரே இடத்தில் கோப்புகளை வைத்து எடுக்க உதவும் சேமிப்பகமே நாஸ். அலுவலகம் கழித்துவிட்ட சர்வரே இதற்குப் போதும்; அதிவேகப் பிராசசர் தேவையில்லை.

• இலவச இயங்குதளங்கள்: ட்ரூநாஸ் (பழைய பெயர் ஃப்ரீநாஸ்), டெபியன் லினக்ஸ் வழிவந்த ஓப்பன்மீடியாவால்ட்.

• விண்டோஸின் பகிர்வு நெறிமுறை எஸ்எம்பி; பிறந்த இடம் ஐபிஎம். மைக்ரோசாஃப்ட் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. மற்றொரு பகிர்வு நெறிமுறை என்எஃப்எஸ் – சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 1984.

• லினக்ஸ் சர்வரை விண்டோஸ் கணினியில் சாதாரண ஃபோல்டராகத் தெரியவைப்பது சாம்பா. எழுதியவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991-92இல், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்தபோது.

• போர்ட் எண்கள் (பொருத்துக வினாவுக்கு): எஸ்எஸ்எச் 22, எஸ்எம்பி 445, என்எஃப்எஸ் 2049. எஃப்டிபிக்கு இரண்டு: கட்டளைக்கு 21, தரவுக்கு 20.

• 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) பரவியது எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாக. அதை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். பழைய சர்வரில் முதல் பதிப்பை அணைத்துவிட வேண்டும். 445ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

• ரெய்டு: பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் முறை. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோரின் 1988 ஆய்வுக்கட்டுரை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. கணக்கு வினா இங்கிருந்துதான் வரும். தலா 2 டிபி கொள்ளளவுள்ள 4 வட்டுகள் என்றால்:
– ரெய்டு 0: 8 டிபி, ஒரு வட்டு போனாலும் எல்லாம் போச்சு.
– ரெய்டு 5: 6 டிபி, ஒரு வட்டு பழுதைத் தாங்கும். குறைந்தது 3 வட்டுகள் வேண்டும்.
– ரெய்டு 6: 4 டிபி, இரண்டு பழுதைத் தாங்கும். குறைந்தது 4.
– ரெய்டு 10: இதுவும் 4 டிபிதான். ஆனால் இரண்டாவதாகப் பழுதாவது முதல் வட்டின் இணையாக இருந்தால் தாங்காது. இந்த வேறுபாட்டைப் பலர் படிப்பதில்லை.

• “ரெய்டு இருந்தால் பேக்கப் தேவையில்லை” – தவறான கூற்று. கோப்பைத் தவறுதலாக அழித்தால் எல்லா வட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும்.

• வட்டு இணைப்பு வகைகள் சாஸ், சாட்டா: சாஸ் கன்ட்ரோலரில் சாட்டா வட்டு வேலை செய்யும். சாட்டா கன்ட்ரோலரில் சாஸ் வட்டு வேலை செய்யாது. பழைய சர்வர் வட்டை மலிவாக வாங்குமுன் இதைப் பாருங்கள்.

• 8 பிட் = 1 பைட். ஆகவே கிகாபிட் இணைப்பின் உச்சவேகம் நொடிக்கு 125 மெகாபைட். 100 மெகாபிட் என்றால் 12.5.

• மின்செலவு: 100 வாட் சர்வர் நாள் முழுதும் ஓடினால் 2.4 யூனிட், 60 நாளில் 144. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் (2016 முதல்). இந்தப் பெட்டி ஒன்றே அதை விழுங்கிவிடும். நாள் முழுதும் ஓடவிடாமல், தேவைப்படும்போது மட்டும் போடுவதே லாபம்.

• உழைத்து ஓய்ந்த சர்வர் மின்னணுக் கழிவு. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022; நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. இரண்டு ஆண்டுகளையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.