நம்பிக்கைகளும் உண்மைகளும்: பேஸ் கிட்டாருக்கு எந்த மரம்?

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, நாதசுரத்துக்கு ஆச்சா என்று வாத்தியத்துக்கு வாத்தியம் மரம் குறித்து வைத்திருக்கும் நாட்டிலே, சொந்தக் கையால் ஒரு பேஸ் கிட்டார் செய்து பார்க்க வேண்டுமென்று ஆசைப்படும் இளைஞன் முதன்முதல் கேட்கும் கேள்வி "எந்த மரம் நாதம் கொடுக்கும்?" என்பதாகவே இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தச்சுப் பட்டறை ஒன்றில் இந்தக் கேள்வியைப் போட்டால் ஒருவர் தேக்கு என்பார். இன்னொருவர் தோதகத்தி என்பார். சீமை மேப்பிள் இல்லாமல் காரியம் நடவாது என்று அடித்துச் சொல்வதற்கும் ஒருவர் இருப்பார். மூவரும் சண்டையிட்டாலும் அவர்கள் நிற்கும் தரை ஒன்றுதான்: ஒலி மரத்தில் குடியிருக்கிறது என்னும் நம்பிக்கை.

வீணையைப் பொறுத்தமட்டில் அந்த நம்பிக்கை முழு நியாயமானது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில், மீட்டிய தந்தியின் அதிர்வு குதிரை வழியே குடத்தின் மேற்பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்து, காற்று நம் செவியை எட்டுகிறது. ஆகவே பலகையின் கனமும் முதிர்ச்சியும் நாதத்தை நேரே ஆளுகின்றன. மின்சார பேஸ் கிட்டாரின் சங்கதியே வேறு. அதில் தந்தியின் கீழே காந்தமும், அக்காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன; இரண்டும் சேர்ந்ததே பிக்கப். எஃகுத் தந்தி அந்தக் காந்தப் புலத்திலே ஆடும்போது, 1831-இல் பாரடே கண்டறிந்த விதிப்படி சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கிக்குப் போவது அந்த மின்சாரமே. எஃகுத் தந்தியைக் கழற்றிவிட்டு நைலான் நரம்பைக் கட்டிப் பார்த்தால் விஷயம் பிரத்தியட்சமாகும்: மரம் முன்போலவே அதிரும், பிக்கப் மட்டும் ஊமையாகிவிடும்.

சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1951-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ பெண்டர் தம் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது எடுத்துக்கொண்ட ஆஷ் மரமும், சில ஆண்டுகளில் அதன் இடத்துக்கு வந்த ஆல்டர் மரமும் அந்நாட்டில் தாராளமாகக் கிடைத்து உளிக்கும் வாளுக்கும் இணங்கிய சாதாரண மரங்களேயன்றி, சங்கீத சாஸ்திரம் விதித்த மரங்கள் அல்ல. டேன்எலக்ட்ரோ கம்பெனி மரநாரை அழுத்திச் செய்த பலகையில் கிட்டார் செய்து விற்றது. 1969-இல் டான் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக்கிலும், எழுபதுகளின் முடிவில் நெட் ஸ்டைன்பெர்கர் கார்பன் நாரிலும் பேஸ் கிட்டார் செய்தார்கள். இவற்றையெல்லாம் வாசித்தவர்கள் மரமில்லாத குறையைச் சொல்லி வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லை என்று மற்றொரு கோடிக்கு ஓடுகிறவர்களும் உண்டு, அதுவும் மூடநம்பிக்கையே. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 முதல் 85 கிலோ வரையிலான பலத்தோடு இரவும் பகலும் வளைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த நீண்ட, மெல்லிய கழுத்துக்கென்று இயற்கையான அதிர்வெண் ஒன்று உண்டு. வாசிக்கும் ஸ்வரம் அதனோடு ஒத்துப்போகும் இடத்தில் தந்தியின் சக்தியைக் கழுத்தே உறிஞ்சிக்கொள்வதால், அந்த ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். பேஸ் வாசிப்பவர்கள், முக்கியமாக முதல் தந்தியான ஜி-யில் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டுக்குள், இந்தச் செத்த இடத்தை நன்கு அறிவார்கள். எடை மிகுந்த மரத்தில் உடல் செய்தால் ஒலி நீண்டு நிற்கும் என்னும் வாதம் இங்கே தடுக்கி விழுகிறது. ஏனெனில் குறை உடலில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. ஆகவே கையிலுள்ள நல்ல மரத்தையும் காசையும் கழுத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நேரான ரேகையுடைய, நன்றாக உலர்ந்த தேக்கை மூன்று கீற்றுகளாக அறுத்து, நடுக்கீற்றின் ரேகையைத் திருப்பி வைத்து ஒட்டி, உள்ளே டிரஸ் ராடு என்னும் எஃகுத் தண்டைப் பதித்தால், மேப்பிளுக்காக ஏங்க வேண்டிய அவசியம் முதல் முயற்சிக்கு இல்லை.

உடலுக்கு மரம் தேடும்போது நாதத்தை மறந்து, தராசை நினைக்க வேண்டும். வழக்கமான உடலின் கன அளவு ஏறக்குறைய நாலரை லிட்டர். ஆல்டரில் அது இரண்டு கிலோவுக்குள் அடங்கும், தேக்கில் மூன்று கிலோவை நெருங்கும், வேம்பில் அதையும் தாண்டித் தோளை வருத்தும். அதற்காக, 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்குக் குச்சி கொடுத்துப் பழகிய பெருமரத்தையும் இலவையும் தேடிப் போவதும் பிழை: அவை மிக இலேசு, திருகாணி பிடித்து நிற்காது, உடல் இலேசாகி முறுக்காணிகள் பொருத்திய தலை கனத்தால், கையை எடுத்ததும் கழுத்து தரையைப் பார்த்துக் குப்புற விழும். வாகையும் பூவரசும் நடுத்தரமானவை. இந்த வட்டாரத்து அறுப்பு மில்லில் சுலபமாகக் கிடைக்கக்கூடியவை.

விரற்பலகைக்குத் தோதகத்தியே வேண்டும் என்னும் பிடிவாதத்தைக் குறித்து மட்டும் சற்று நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன். 2017 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அந்த மரத்தைத் தேடி அலைகிறவனின் வீட்டுக் கொல்லையிலேயே, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேரோடு களையச் சொன்ன சீமைக்கருவேலம் முள்ளோடு நின்றுகொண்டிருக்கிறது. கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் தவிர வேறெதற்கும் ஆகாதென்று நாம் ஒதுக்கிய இந்த மரத்தின் வைரப்பகுதி கடினமானது. உலரும்போது சுருங்குவதும் மற்ற மரங்களைக் காட்டிலும் வெகு குறைவு. இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட்டை அமெரிக்காவின் டெக்ஸாஸ் தச்சர்கள் மிகுந்த மதிப்போடு கையாளுகிறார்கள். கோணல்மாணலாக வளரும் சீமைக்கருவேலத்தில் நெடிய பலகை கிடைக்காதுதான். ஆயினும் இருபது மெட்டுள்ள விரற்பலகைக்கு வேண்டியது ஏறத்தாழ இரண்டடி நீளமும், 65 மி.மீ. அகலமும், 6 மி.மீ. கனமும் உள்ள ஒரு துண்டே. விறகுக் கடையில் நிதானமாகப் புரட்டிப் பார்த்தால், வண்டு துளைக்காத, செம்பழுப்பு வைரம் ஓடிய நேரான கட்டை ஒன்று அகப்படாமல் போகாது.

ஆனால் எந்த மரமானாலும் அது உலர்ந்திருக்க வேண்டும். வெடித்தொழில் இங்கே வேரூன்றியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும் வறண்ட காற்று மரத்தை விரைவாக உலர்த்தும். அவசரமாக உலர்ந்த மரமோ நுனியில் பிளக்கும். நரசிங்கன்பேட்டை நாதசுரக் கலைஞர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கும் வழக்கத்தில் பெரிய யுக்தி இருக்கிறது: பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்த உத்தரம் இனிமேல் முறுக்கிக்கொள்ள அநேகமாகத் துணியாது. பழைய மரக்கடையில் நிலையோ உத்தரமோ வாங்குவோர், வாளை வைக்கும் முன் ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்து உள்ளே புதைந்த ஆணிகளைக் களைவது நலம்.

மரத்தைப் பற்றிய கவலையில் பாதியையாவது மெட்டுக்குக் கொடுத்தால் வாத்தியம் உருப்படும். 864 மி.மீ. தந்தி நீளத்துக்கு முதல் மெட்டு, நீளத்தை 17.817-ஆல் வகுத்து வரும் 48.5 மி.மீ. தொலைவில் அமைய வேண்டும்; மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு அதிலிருந்து 45.8 மி.மீ. தள்ளி நிற்கும், பன்னிரண்டாவது சரிபாதியில், 432-இல் விழ வேண்டும். கைலாசத்திலிருந்தே மரம் கொண்டு வந்தாலும், வாள் அரை மில்லிமீட்டர் வழுவினால் அபஸ்வரம் அபஸ்வரமே.

பிக்கப்பைப் பற்றிய ஐதிகங்களில் முதன்மையானது, மின்தடை எண் பெரிதானால் ஓசையும் பெரிதாகும் என்பது. கம்பி மெலிந்தாலும் அந்த எண் ஏறும். ஆகவே அது பலத்தின் அளவுகோல் ஆகாது. சுற்று கூடக் கூட ஓசை பெருத்தாலும் மேல்ஸ்தாயியின் தெளிவு மங்கும். காந்தத்தைத் தந்திக்கு மிக அருகே தூக்கி வைத்தால் பலம் கூடும் என்பதும் பாதி உண்மையே; காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுத்துச் சுருதியைக் கலைக்கும். பெயரையும் விலையையும் விட ஒலியை அதிகம் மாற்றுவது பிக்கப் அமரும் இடந்தான்: குதிரைக்கு நெருங்க நெருங்க ஓசை மெலிந்து கூர்மையாகும், கழுத்தின் பக்கம் போகப் போகப் பருத்து உருண்டு வரும். பிரிசிஷன் பேஸில் அது குதிரையிலிருந்து ஏறத்தாழ 14, 15 செ.மீ. தள்ளி இருக்கிறது, முதல் வாத்தியத்துக்கு அந்த இடத்தை மீற வேண்டியதில்லை.

ஒற்றைச் சுருள் பிக்கப்பே அசல் என்று சொல்வோர், நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுவதை யோசிப்பதில்லை. நான்காம் தந்தியான ஈ-யின் மூன்றாம் மெட்டு ஒலி 49. வெறுந்தந்தி ஜி-யின் ஒலி 98. மின்சாரத்தின் இரைச்சலோ 50, 100 என்று இவற்றின் தோளை உரசியே வருகிறது. அச்சு இயந்திரங்களும் மோட்டார்களும் ஓயாது சுழலும் சிவகாசி வட்டாரத்தில் இது சிறிய தொல்லை அல்ல. பெண்டரே 1957-இல் சுருளை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும்படி எதிராகச் சுற்றி அமைத்தார். முதன்முதலாகச் செய்கிறவர்கள் அந்த இரட்டைத் துண்டு பிக்கப்பை விலைக்கு வாங்குவதே உத்தமம். அதில் ஓடும் கம்பி தலைமுடியின் பருமனுக்குள் அடங்குவது, ரீவைண்டிங் கடைக்காரரிடம் அத்தகைய மெல்லிய கம்பி சாதாரணமாக இராது. குதிரையிலிருந்து ஒரு கம்பியை எர்த்துக்குக் கொண்டுபோய் இணைக்க மறக்கலாகாது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறதா என்று பார்த்தால் இணைப்பின் குணம் தெரிந்துவிடும்.

பற்றவைக்கும் வேலையை, பட்டாசுத் தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பியவர்களின் வேலைத்துணி தொங்கும் அறையிலே செய்வது கூடவே கூடாது. அலுமினியப் பொடி படிந்த துணி சால்டரிங் அயர்னுக்கு அண்டை இருக்கத் தக்கதன்று. மரத்தூளையும் முதலில் கூட்டி வெளியேற்றிவிட்டு, திறந்த திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.