தாத்தாவின் 4.2 சென்டிமீட்டர்

பிரிக்ஃபீல்ட்ஸ், ஞாயிறு இரவு

அன்புள்ள யாழினி,

"தாத்தாவுக்கு ரத்தக்குழாய் வீங்கியிருக்காம், வெடிச்சிடுமாம். அப்புறம் ஏன் ஆபரேஷன் பண்ணாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க பெரியப்பா?" என்று கிள்ளானிலிருந்து போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி சுமார் 2 செ.மீ. அகலம். 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம் என்பார்கள். பெரும்பாலும் வலியே இராது. தாத்தாவுக்கும் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் தற்செயலாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். வயிற்றில் ஜெல் தடவி, திரையில் தெரிந்த கறுப்பு வட்டத்தின் இரு ஓரத்திலும் புள்ளி வைத்து அளந்தார்கள்: 4.2.

டயரில் மாட்டாத பழைய சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஓரிடம் புடைக்கும். பிறகு அடிக்கிற காற்றெல்லாம் அங்கேயே போகும். அழுத்தம் எங்கும் ஒன்றுதான். ஆனால் அகலம் கூடக் கூட, அந்த இடத்துச் சுவர் தாங்க வேண்டிய இழுப்பும் கூடுகிறது. தமனியும் அப்படித்தான். சராசரியாக ஆண்டுக்கு 2, 3 மி.மீ. வளரும்; பெரிதானபின் வேகம் பிடிக்கும்.

பிறகு ஏன் காத்திருப்பது? பிரிட்டனில் 4 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கமுள்ள 1,090 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 6 பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். அளந்து கண்காணிக்கப்பட்டவர்களுக்கு வெடிக்கும் அபாயம் ஆண்டுக்கு 100க்கு 1தான். இன்று தொடைத் தமனி வழியாகவே வீக்கத்துக்குள் உறைகுழாய் வைக்கிறார்கள். ஆனாலும் ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால்தான் அறுவை என்ற எல்லை அப்படியே இருக்கிறது. தாத்தாவை யாரும் கைவிடவில்லை, கண்ணு. வருடா வருடம் அளக்கப் போகிறார்கள்.

நாம் மாற்றக்கூடியது தாத்தாவின் சிகரெட் பழக்கம். வீக்கத்தை வேகமாக வளர்ப்பதும், வெடிக்கும் அபாயத்தைக் கூட்டுவதும் அதுதான். 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை; தாத்தாவோ தெங்கு கிளானா சாலைக் கடையில் தேநீரை ஆறவிட்டு வெளியே போய் நிற்கிறார். நான் சொன்னால் கோபிப்பார். நீ சொல்.

வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று தாங்க முடியாத வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் வாயு என்று தைலம் தேய்க்காதே. கல் வலி என்றும் இருந்துவிடாதே. உடனே 999ஐ அழைத்து, "அனியூரிசம் இருக்கிறது" என்று முதலிலேயே சொல். ஸ்கேன் தாளை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வை.

பிள்ளைகளுக்கும் இது வரலாம் என்பதால் எங்களையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். அடுத்த வாரம் உன் அப்பாவும் நானும் போகிறோம்.

அன்புடன்,
பெரியப்பா